முறையிடுவது குற்றமல்ல, சகோதரிகளே!





அல்குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்துக்கு என்ன பெயர் என்று வீட்டில் ஓதுகிற பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அல்முஜாதலா என்று சொல்லும். தர்க்கம் செய்வது, வாதிடுவது என்று பொருள். வாதிட்டவர் ஒரு பெண். கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள். வயது போன கணவர் கோபத்தில், நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள் என்று சொல்லிவிட்டார். ஜாஹிலிய்யாக் கால வழக்கப்படி அந்த ஒரு வார்த்தையோடு அவர் மனைவியும் இல்லை, விடுதலை பெற்றவரும் இல்லை. கவ்லா (ரலி) வீட்டில் குந்தி அழவில்லை. நேரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் போனார். முதலில் கிடைத்த பதிலோடு திரும்பவும் இல்லை. மறுபடி மறுபடி சொன்னார். அதே வீட்டில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அந்தப் பேச்சில் சில சொற்கள் கேட்கவில்லையாம். ஆனால் அல்லாஹ்வுக்குக் கேட்டது. வஹீ இறங்கியது. சட்டம் மாறியது.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "ஸப்ர் செய் மகள், வெளியில் சொல்லாதே." ஸப்ர் என்பது உயர்ந்த குணம்தான். ஆனால் வாயை மூடிக்கொள்வதற்கு ஸப்ர் என்று யார் பெயர் வைத்தார்கள்? கவ்லா (ரலி) அவர்களுக்கு ஸப்ர் இல்லை என்று எந்த ஆலிமாவது சொல்வாரா?

இந்த மாதம் நான் பேச வந்தது கணவன் மனைவி விஷயம் அல்ல. பொலிஸ் விஷயம். "குடும்பப் பத்திரிகையில் இதென்ன பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். நடுச்சாமத்தில் கதவு தட்டப்படும்போது முதலில் எழும்புவது யார்? உம்மாதானே! மகனைக் கொண்டுபோன பிறகு பொலிஸ் நிலையத்து வாசலில் சோற்றுப் பார்சலோடு நிற்பதும் அவள்தான். ஆகவே இது குடும்ப விஷயமேதான்.

மன்னாரை எடுத்துக்கொள்வோம். அங்கே யுத்த காலம் முழுவதும் ஒரு வழக்கம் இருந்தது. கைதான பிள்ளையைத் தேடும் தமிழ்த் தாய் முதலில் போவது பங்குத்தந்தையிடம். அவர் ஒரு கடிதம் எழுதுவார். அல்லது தானே கூடப் போவார். ஆயர் இல்லத்திலும் பிரஜைகள் குழுவிலும் பெயர், திகதி, இடம் எல்லாம் பதியப்படும். அந்தப் பாதிரிமார் இதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. முருங்கனில் ஊழியம் செய்த மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் கொல்லப்பட்டார். வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்தியான் 1985 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் அந்தக் கதவு மூடப்படவில்லை. அதைத்தான் யோசித்துப் பார்க்கிறேன்.

1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகையை உங்களில் பலருக்குத் தெரியும். மீள்குடியேற்றம், காணி, மீன்பிடித் துறை என்று அவரோடு எங்கள் சமூகத்துக்கு மனக்கசப்பான கருத்து வேறுபாடுகள் இருந்தன. அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அவரிடமிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது அவர் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். யுத்தம் முடிந்து அரசாங்கப் பக்கம் வந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேர் எங்கே? இதுதான் கேள்வி. அழுகையும் இல்லை, ஏச்சும் இல்லை. கணக்கின் தொடக்க எண் கச்சேரிப் பதிவிலிருந்து எடுத்தது. அரசாங்கத்தின் கடதாசியைக் காட்டியே அரசாங்கத்திடம் கேட்டார். இதற்காக 2012இல் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அவரையே விசாரித்தது. கணக்கை அவர் திரும்ப வாங்கவில்லை. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் காலமானார். கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

இன்னொரு சம்பவம் சொல்ல வேண்டும். சொல்ல நாக் கூசுகிறது. ஆனால் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2001 மார்ச் 19ஆம் திகதி மன்னார் நகரில் உப்புக்குளம் பகுதியில் இரண்டு இளம் பெண்கள் கைது செய்யப்பட்டு, பொலிஸாரின் நாசகார எதிர்ப்புப் பிரிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒருத்தி கர்ப்பிணி. அங்கே தாங்கள் மானபங்கப்படுத்தப்பட்டதாக அவர்கள் முறையிட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் அந்நாளில் பத்திரிகைகளில் வந்தன. நான் எழுதமாட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரு பெண்களும் செய்த காரியத்தை எண்ணிப் பாருங்கள். மன்னார் சின்ன ஊர். யுத்த காலம். பொலிஸும் கடற்படையும் தெருவுக்குத் தெரு நிற்கிற நேரம். அந்த நிலையில் அடையாள அணிவகுப்பிலே நின்று, இவன்தான், இவன்தான் என்று விரலால் காட்டினார்கள். பொலிஸ்காரரும் கடற்படையினருமாகப் பத்துக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். சர்வதேச மன்னிப்புச் சபை 2002 ஜனவரியில், தடுப்புக் காவலில் பெண்களுக்கு நடக்கும் கொடுமை பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆனால் வழக்கு மன்னாரிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. மன்னாரிலிருந்து அநுராதபுரம் நூறு கிலோமீற்றருக்கு மேல். வழியெல்லாம் சோதனைச் சாவடி. மொழி வேறு. ஒவ்வொரு தவணைக்கும் கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் போக வேண்டிய ஒரு பெண்ணுக்கு வழக்கை ஊர் மாற்றுவது என்றால் என்ன என்று நீதிமன்றத்துக்கு யார் எடுத்துச் சொல்வது? கூடப் போக யார் இருக்கிறார்கள்? இத்தகைய வழக்குகள் தோற்பது தீர்ப்பு நாளில் அல்ல. துணையில்லாமல் போகிற பத்தாவது, பதினைந்தாவது தவணையில்.

"இதெல்லாம் தமிழர் பிரச்சினை, யுத்த காலப் பிரச்சினை" என்று ஒரு காலம் நாம் ஒதுங்கி இருந்தோம். நமக்கும் காரணம் இருந்தது. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலி என்று ஊர் ஊராக நம்மை வெளியேற்றினார்கள். கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிள்ளை பெற்று, அங்கேயே பேரப்பிள்ளையும் கண்டவர்கள் இந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். அகதியாக இருப்பவன் பொலிஸோடு பகைக்க மாட்டான். தலையைக் குனிந்து போகப் பழகிவிட்டோம். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு நிலைமை மாறியது. அந்தப் பாவிகள் செய்த கொலைகளுக்குப் பதில் சொல்லும் சுமை, ஒரு பாவமும் அறியாத வீடுகளின் தலையில் விழுந்தது. அந்த மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு சகோதரி கைது செய்யப்பட்டார். அவர் உடுத்திருந்த சட்டையில் கப்பல் சுக்கான் படம். அதைத் தர்மச் சக்கரம் என்று யாரோ எண்ணிவிட்டார்கள். அவர் பின்னர் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டார். அவரைப் போல முறையிட முன்வந்தவர்கள் எத்தனை பேர்? முறையிடாமல் அந்தச் சட்டையை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு இருந்தவர்கள் எத்தனை பேர்?

நமது மன்னார் மாவட்டத்துப் பிள்ளையின் கதை இன்னும் நெருக்கமானது. சிலாவத்துறைப் பக்கம் பண்டாரவெளியைச் சேர்ந்த அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளைஞர், புத்தளம் மாவட்டத்தில் ஆசிரியராக இருந்தவர், 2017இல் 'நவரசம்' என்று ஒரு கவிதைப் புத்தகம் வெளியிட்டார். 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். அந்தப் புத்தகம் தீவிரவாதம் போதிக்கிறது என்பது குற்றச்சாட்டு. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கவிதைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, இவை வன்முறைக்கு எதிராக எழுதப்பட்டவை அல்லவா என்று வியந்தார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர் காவலில் இருந்த ஏறக்குறைய 19 மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பார்?

அந்த மாதங்களில் நம் ஊர்களில் நடந்ததையும் பேசத்தான் வேண்டும். வெளிநாட்டு அமைப்புகள் அந்தப் பிள்ளைக்காக எழுதின. பிற சமயத்துச் சட்டத்தரணிகள் வாதாடினார்கள். தமிழ் எழுத்தாளர்கள் பேசினார்கள். நம் பக்கம் பலர், "அந்த வீட்டுக்குப் போனால் நம்மையும் பிடிப்பார்கள்" என்று பயந்து வழியை மாற்றிப் போனார்கள். ஒரு வீட்டில் ஒருவன் கைதானால் அந்த வீட்டுப் பெண்களைக் கலியாண வீட்டுக்கும் கூப்பிடாத கொடுமையை அந்த நாட்களில் இந்த நாட்டுப் பல ஊர்களில் பார்த்தோம். பொலிஸ் ஒரு தண்டனை கொடுத்தது. மஹல்லா இன்னொரு தண்டனை கொடுத்தது.

இப்போது கூஃபாவுக்கு வாருங்கள். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கூஃபாவின் ஆளுநர் ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரலி). சாதாரண மனிதரா? சுவர்க்கத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். பாரசீகத்தை வென்ற தளபதி. அவரைப் பற்றிக் கூஃபா மக்கள் மதீனாவுக்கு முறைப்பாடு அனுப்பினார்கள். தொழுகை சரியாக நடத்தத் தெரியவில்லை என்று கூடச் சொன்னார்கள். உமர் (ரலி) என்ன செய்தார்கள்? "யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" என்று கடிதத்தைக் கிழித்துப் போட்டார்களா? இல்லை. ஸஃதை அழைத்து விசாரித்தார்கள். பிறகு ஆள் அனுப்பிக் கூஃபாவிலேயே விசாரிக்கச் சொன்னார்கள். விசாரணை எங்கே நடந்தது தெரியுமா? பள்ளிவாசல்களில்! ஒரு பள்ளிவாசல் விடாமல் போய் மக்களிடம் கேட்டார்கள். எல்லாரும் நல்லது சொன்னார்கள். பனூ அப்ஸ் கோத்திரத்தின் பள்ளிவாசலில் மட்டும் ஒருவர் எழுந்து குறை சொன்னார். அதையும் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். அந்தக் குறை பொய் என்பதுதான் அறிஞர்களின் முடிவு. உமர் (ரலி) அவர்களும் ஸஃதைக் குற்றவாளி என்று நினைக்கவில்லை. இருந்தும் பதவியிலிருந்து விலக்கி வைத்தார்கள். மக்களுக்கு நம்பிக்கை போன இடத்தில் அதிகாரி இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய நிர்வாகம்.

ஹஜ்ஜுக் காலத்தில் ஆளுநர்களை வரவழைத்து, இவர்களைப் பற்றிக் குறை உள்ளவர்கள் சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்பதும் அவர்களுடைய வழக்கம். அதிகாரிகள் மீது வரும் முறைப்பாடுகளை நேரில் போய் விசாரிப்பதற்கென்று முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை வைத்திருந்தார்கள். இன்று பொலிஸ் ஆணைக்குழு என்று பெரிய பெயரில் சொல்கிறோமே, அந்த வேலைதான்.

நுபுவ்வத்துக்கு முன்பே மக்காவில் ஓர் உடன்படிக்கை நடந்ததை மதரஸாவில் படித்திருப்பீர்கள். ஹில்ஃபுல் ஃபுளூல். யெமனிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் பொருளை மக்காவின் பெரிய மனிதர் ஒருவர் வாங்கிவிட்டு விலை கொடுக்கவில்லை. கேட்க நாதியில்லாத வெளியூரான். அவனுக்காக அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவன் யாராக இருந்தாலும் அவன் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தச் சபையில் இருந்தார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அப்படி ஒரு சத்தியத்துக்கு அழைத்தால் நான் போவேன் என்ற கருத்தில் சொன்னார்கள். அந்தச் சபையில் இருந்தவர்கள் அன்று முஸ்லிம்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். பங்குத்தந்தையோடும் ஐயரோடும் பிக்குவோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு முறைப்பாட்டில் கையெழுத்திடலாமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நான் என்ன சொல்ல?

மன்னாரில் அந்த மேசை இருக்கிறது. 2025இல் அதைப் பார்த்தோம். தீவில் மேலும் காற்றாலைகள் நிறுவுவதற்கு எதிராக, அருட்தந்தை மார்க்கஸ் அடிகளார் தலைமையிலான மன்னார் பிரஜைகள் குழுவும் மக்களும் ஆகஸ்ட் மாதம் முதல் வீதியில் இருந்தார்கள். செப்டெம்பர் 26 இரவு, காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களைப் பொலிஸ் பாதுகாப்போடு நகருக்குள் கொண்டுவந்தபோது மோதல் ஏற்பட்டது. பெண்களும் குருமாரும் தாக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. 29ஆம் திகதி மன்னார் கடைகள் மூடிக் கிடந்தன. காற்றாலை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அதில் எனக்கும் இரண்டு மனம் உண்டு. ஆனால் அடி வாங்கியவர்கள் அடுத்த நாள் செய்ததைப் பாருங்கள். வீட்டுக்குள் முடங்கவில்லை. கல்லும் எடுக்கவில்லை. பேசினார்கள், எழுதினார்கள், முறையிட்டார்கள்.

கல் என்றதும் 2012 ஜூலை 18 ஞாபகம் வருகிறது. கோந்தைப்பிட்டி மீன்பிடித் துறை பற்றிய பிரச்சினையில் உப்புக்குளத்து நம் மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிஸார் கண்ணீர்ப் புகை அடித்தார்கள். அன்று மன்னார் நீதிமன்றத்தின் மீது கல் விழுந்தது. நாடு முழுவதும் சட்டத்தரணிகள் நீதிமன்றத்தைப் பகிஷ்கரித்தார்கள். துறையில் நமக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் பொலிஸ் தவறு செய்தால் ஓடிப்போய் நிற்க ஏழைக்கு மிஞ்சியிருப்பது அந்த நீதவானின் வாசல் ஒன்றுதான். அதன் கண்ணாடியை உடைத்துவிட்டு நாளைக்கு எங்கே போவது? உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தின் கருத்து. பொலிஸாரைக் கணக்குக் கேட்கிறவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும்.

முறையிட்டால் ஏதும் நடக்குமா என்று கேட்பீர்கள். சில வேளை நடக்கிறது, மிக மெதுவாக. 2010இல் ஓர் ஓய்வுபெற்ற இராணுவ வீரரைப் பொலிஸார் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். சாதாரண மனிதர். உச்ச நீதிமன்றம் போனார். 13 வருடம் கழித்து, 2023 டிசம்பர் 14ஆம் திகதி, அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. பொறுப்பாளிகளில் ஒருவர் தேசபந்து தென்னகோன். அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர்! தீர்ப்புக்குப் பிறகும் 2024 பெப்ரவரியில் அவரையே பொலிஸ் மா அதிபராக நியமித்தார்கள். அதுவும் ஜூலையில் உச்ச நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. அந்த மனிதர் 2011இலேயே "எனக்கென்ன" என்று இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

இனி, சகோதரிகளே, வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள். சமையல் குறிப்பை வெட்டி வைப்பதுபோல இதையும் வெட்டி வையுங்கள்.

கைது செய்ய வருகிறவர் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும். காரணத்தையும் சொல்ல வேண்டும். சாதாரணச் சட்டத்தில் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்தால் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே 1996 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். சட்டத்தின் ஆண்டும் தொலைபேசி இலக்கமும் ஒன்றேதான், மறக்காது. வவுனியாவில் அந்த ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் உண்டு. பொலிஸாரின் நடத்தை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். எந்த நிலையத்தின் மீது குறையோ அந்த நிலையத்துக்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு பெண்ணைச் சோதனையிடுவது இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியம் கெடாமல். இது சலுகை அல்ல. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையில் எழுதியிருப்பது. ஹபாயாவைப் பற்றி வாதாடத் தேவையில்லை. "பெண் பொலிஸ் வரட்டும்" என்ற ஒரு வசனம் போதும்.

அடுத்தது மொழி. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். நம் பகுதிப் பொலிஸ் நிலையங்களில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடு என்று நீட்டுவது காலங்காலமாக நடக்கிறது. நம் பெண்களும் பிஸ்மி சொல்லிப் போட்டுவிடுகிறார்கள்! தமிழ் அரச கரும மொழி. வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழியும் தமிழ். தமிழில் சொல்லவும், தமிழில் எழுதப்படவும் உங்களுக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள். கடையில் கடன் கொப்பியைக் கூட நாம் வாசித்துப் பார்க்காமல் விடுவதில்லையே.

காயம் இருந்தால் அரச ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வெட்கத்தால் "விழுந்துவிட்டேன்" என்று சொன்னால் அந்தச் சொல்லே பிற்காலத்தில் உங்களுக்கு எதிரான சாட்சியாகும். கிழிந்த உடுப்பைக் கழுவ வேண்டாம். நாள், நேரம், வாகன இலக்கம், யார் என்ன சொன்னார் என்பதைப் பிள்ளையின் பழைய கொப்பியில் அன்றைக்கே எழுதி வையுங்கள். உச்ச நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை நடக்கிறது என்பதை எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். நாற்பது கத்தம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

சித்திரவதைக்கு எதிராக 1994இலிருந்தே சட்டம் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் 7 முதல் 10 வருடம் சிறை. இத்தனை வருடத்தில் அந்தத் தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலர். சட்டம் அலுமாரியில் இருக்கிறது, சாட்சிதான் வருவதில்லை. சாட்சி ஏன் வருவதில்லை என்று மன்னார்ப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

பொலிஸ் உடுப்புப் போட்டவரெல்லாம் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. காணாமல் போன பிள்ளையை இரவோடு இரவாகத் தேடிக் கொடுத்த பொலிஸாரும் இருக்கிறார்கள். நல்ல அதிகாரிக்கு நம் முறைப்பாடு எதிரியல்ல. அவருக்குப் பக்கத்தில் இருக்கும் கெட்ட அதிகாரிக்குத்தான் எதிரி.

கடைசியாகப் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு சொல். இந்தப் பக்கத்தை அவர்கள் வாசிக்கமாட்டார்கள், ஆகவே நீங்கள்தான் வீட்டில் சொல்ல வேண்டும். ஜமாஅத்தில் கலியாணப் பதிவு இருக்கிறது, சந்தாப் பதிவு இருக்கிறது. கைதானவர்கள், அடிபட்டவர்கள் பற்றி ஒரு பதிவு இருக்கிறதா? ஆயர் இல்லத்தால் முடிந்தது மூர்வீதியிலும் எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் சிலாவத்துறையிலும் ஏன் முடியாது? கூஃபாவில் பள்ளிவாசலுக்குள் கேட்ட கேள்வியை இங்கே கேட்க ஓர் அறையும் ஒரு மேசையும் போதும்.

அந்த மேசையில் ஐந்து ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொல்லமாட்டாள். அந்த ஐவரும் நல்லவர்களாக இருந்தாலும் சொல்லமாட்டாள். ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை, மதரஸா முஅல்லிமா, சிங்களம் எழுதத் தெரிந்த ஒரு இளம் பிள்ளை என்று மூன்று பெண்கள் கிழமையில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு அங்கே இருக்கட்டும். பள்ளிவாசலில் இடமில்லை என்றால் ஒருவருடைய வீட்டு முன்விறாந்தை போதும். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனுடையதும் வீடுதானே. தவணைக்குப் போகும் பெண்ணோடு பஸ்ஸில் கூடப் போக ஒருவர், பஸ் காசுக்கு ஸதகாவிலிருந்து கொஞ்சம். பிரஜைகள் குழுவின் தொலைபேசி இலக்கம் சுவரில் ஒட்டப்பட்டிருக்கட்டும். நம் இலக்கம் அவர்களுடைய சுவரில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்க வேண்டியவையும் உண்டு. நிலையத்தில் இரவிலும் ஒரு பெண் பொலிஸ், தமிழில் எழுதத் தெரிந்த அதிகாரி, யார் யார் காவலில் இருக்கிறார்கள் என்று குடும்பத்துக்குச் சொல்லும் ஒழுங்கு. இதில் எது பேராசை?

உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலத்தில் ஒரு நாள் தெருவில் ஒரு மூதாட்டி அவர்களை மறித்து நிறுத்தினார். கலீஃபா நின்ற நிலையிலேயே நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூட வந்தவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு கிழவிக்காக இவ்வளவு பேரை நிறுத்தி வைக்கிறீர்களே என்றார். ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் செவிமடுத்த பெண்மணி இவர், உமர் கேட்காமல் போவதா என்ற கருத்தில் பதில் வந்தது. அந்த மூதாட்டி கவ்லா (ரலி)தான்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தருகிற துண்டை மற்றப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

வஸ்ஸலாம்.